மூணாம் பாகத்துக்கு ஒரு மஞ்சச் சட்டை

போன வருசம் ஒரு சனிக்கிழமை. எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு மஞ்சச் சட்டையைப் போட்டுக்கிட்டு காலையில எட்டு மணிக்குள்ள ஆலங்குடி போய் நிக்கணும்.

சட்டை போட எனக்குத் தெரியும். ஆலங்குடிக்கு பஸ்ஸும் இருக்கு. இதுல தப்பாப் போக என்ன இருக்குன்னு நீங்க நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

மொதல்ல விவரத்தைச் சொல்லிடுறேன்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பதினாறு வருசம் முன்னாடி ஒரு படம் வந்துச்சு. வேற்றுக்கிரகத்துக்காரன் ஒருத்தன் பறக்கும் தட்டுல வந்து ஒரு கடலைக்கொல்லையில விழுந்துருவான். அந்த ஊரு டிராக்டர் மெக்கானிக்தான் ஹீரோ. அவரு டிராக்டர் பார்ட்ஸை வச்சே தட்டை ரிப்பேர் பண்ணி அவனை அனுப்பி வைப்பாரு. விஞ்ஞானப் படம்னு சொன்னாங்க. காமெடிப் படம்னும் சொன்னாங்க. கடைசி சீன்ல தட்டு கிளம்பும், ஊரே வாயைப் பொளந்துக்கிட்டு அண்ணாந்து பாக்கும்.

அந்த ஊருல நானும் ஒருத்தன்.

அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. ஐடிஐ முடிச்சிட்டு வேலை தேடிக்கிட்டு இருந்தேன். அதாவது, தேடுறேன்னு வீட்டுல சொல்லியிருந்தேன். ஆலங்குடியில கூட்டாளி வீட்டுக்குப் போனவன், பக்கத்துல ஷூட்டிங் நடக்குதுன்னு கேள்விப்பட்டு, கூட்டத்தோட கூட்டமா நின்னேன். அந்த வருசம் கிறிஸ்துமஸுக்கு எடுத்த மஞ்சச் சட்டை போட்டிருந்தேன்.

படம் ரிலீஸ் ஆனப்ப நாங்க எட்டுப் பேரு போனோம். கடைசி சீன்ல ஹீரோவோட வலது தோளுக்குப் பின்னாடி நாலு செகண்டு ஒரு மஞ்சச் சட்டை தெரிஞ்சுச்சு. பாதி மூஞ்சிதான். மீதியை ஹீரோவோட காது மறைச்சிருச்சு. கூட்டாளிப் பயலுக எல்லாம் "டேய், நீடா"ன்னு கத்துனானுக. நானும் "ஆமாடா, நான்தாண்டா"ன்னு கத்துனேன்.

அந்தப் பாதி மூஞ்சியை வச்சுத்தான் பதினாறு வருசம் ஓட்டியிருக்கேன்.

பொண்ணு பாக்க ஆவூர் பக்கம் போனப்ப, காபி வர்றதுக்கு முன்னாடியே எங்க மாமா, "மாப்பிள்ளை சினிமாவுல நடிச்சிருக்காப்ல"ன்னு ஆரம்பிச்சிட்டாரு. இப்ப நான் ஒரு ஐடிஐயில மோட்டார் மெக்கானிக் பாடம் எடுக்குறேன். அங்க எனக்குப் பேரே 'மஞ்சச்சட்டை சார்'. கோவில் திருவிழாவுல, கல்யாண வீட்டுல, பல்லு டாக்டர்கிட்ட வாயைத் திறந்து வச்சிருக்கும்போதுகூட இந்தக் கதையைச் சொல்லியிருக்கேன்.

நம்பாத ஆளு ஒருத்தர்தான். என் சம்சாரம் ஜெசிந்தா. நாலாங்கிளாஸ் டீச்சர். வீட்டுலயும் எனக்கு அதே கிளாஸ்தான்.

கல்யாணமான புதுசுல அந்த சீனைப் போட்டுக் காட்டினேன். நிறுத்தி நிறுத்திப் பாத்தா. அப்புறம் சொன்னா:

"இது நீங்க இல்லைங்க."

"நான்தான்."

"இந்த ஆளு அழகா இருக்காரு."

பதிமூணு வருசமா டிவியில அந்தப் படம் எப்ப போட்டாலும் அந்த நாலு செகண்டுக்கு நான் அவளைப் பாப்பேன். அவ ஃபேனைப் பாப்பா.

ரெண்டாம் பாகமும் வந்துச்சு. ஹீரோ வேற்றுக்கிரகத்துக்குப் போயி அங்க ரேஷன் கார்டு வாங்க அலைவாரு. எப்படி இருந்துச்சுன்னு என்னைக் கேக்காதீங்க. அதை எடுத்தவங்களே அதைப் பத்திப் பேசுறதில்ல.

இத்தனை வருசம் கழிச்சு யாருமே கேக்காத நேரத்துல, மூணாம் பாகம் எடுக்குறோம்னு அறிவிச்சாங்க. ஜனங்க எல்லாம் "இப்ப எதுக்கு?"ன்னு கேட்டாங்க. நான் மட்டும் அந்த அறிவிப்புக்குக் கீழ, "வாழ்த்துக்கள். முதல் பாகத்தில் மஞ்சள் சட்டையில் நிற்பது அடியேன்"னு கமெண்ட் போட்டேன். அந்தப் படத்தோட துண்டு வீடியோ எதைப் பாத்தாலும் அதைத்தான் போடுவேன். பழக்கமாயிருச்சு.

ஒரு மாசம் கழிச்சு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு.

"சார், டைரக்டர் டீம்ல இருந்து பேசுறேன். அசிஸ்டன்ட் டைரக்டர் நிவேதா. நீங்கதானே மஞ்சச் சட்டை?"

என்னை இந்த உலகத்துல யாரும் இப்படி மரியாதையாக் கூப்பிட்டதில்ல. "ஆமாம்மா"ன்னேன்.

"எல்லா வீடியோவுலயும் கமெண்ட் போட்டிருந்தீங்க, அதான் உங்களை ஈஸியாப் பிடிச்சிட்டோம். மூணாம் பாகம் கதை என்னன்னா சார், ஹீரோ காலத்துல பின்னாடி போயி, முதல் பாகத்தோட கடைசி சீனுக்கே வந்துருவாரு. அதே எடம், அதே ஆளுங்க வேணும். ஹீரோ பேசுறப்ப பின்னாடி நீங்க அப்படியே நிக்கணும். சனிக்கிழமை அதே சட்டையோட வந்துருங்க."

"அப்படியேன்னா?"

"அப்படியே சார். கன்டினியூட்டி. அன்னைக்கு எப்படி இருந்தீங்களோ அப்படி."

நான் குனிஞ்சு என் வயித்தைப் பாத்தேன். தலையைத் தடவினேன். "கவலைப்படாதீங்க, அப்படியேதான் இருக்கேன்"னு சொல்லிட்டேன்.

ஜெசிந்தாகிட்ட சொன்னேன். நோட்டு திருத்திக்கிட்டு இருந்தா. சிவப்பு பேனாவை மூடி வச்சிட்டு நிமிந்து பாத்தா.

"அதே சட்டையா கேட்டாங்க?"

"ஆமா. எங்க வச்சிருக்க?"

"கிரைண்டர் மேல."

கிரைண்டருக்கு மூடிபோட்டு வச்சிருந்த துணியைப் பாத்தேன். பத்து வருசமா தினம் பாக்குற துணிதான். அதுல ஒரு பாக்கெட்டும் ரெண்டு பட்டனும் இருந்ததை அன்னைக்குத்தான் கவனிச்சேன். இட்லி மாவு காஞ்சு அதுவே ஒரு டிசைன் ஆயிருந்துச்சு.

சரி, அதே மாதிரி புதுசு ஒண்ணு எடுத்துருவோம்னு கீழ ராஜ வீதிக்குப் போனேன். மஞ்சள்ல இத்தனை சாதி இருக்குன்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. கடைக்காரரு எடுத்துப் போட்டுக்கிட்டே இருந்தாரு. எலுமிச்சை மஞ்சள், கடுகு மஞ்சள், மாம்பழ மஞ்சள். நான் போன்ல அந்த சீனை நிறுத்தி வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணையும் பக்கத்துல பிடிச்சுப் பாத்தேன்.

"பாத யாத்திரைக்கா சார்?"ன்னாரு.

"இல்ல."

"கட்சி மாநாடா?"

"இல்லைங்க. பறக்கும் தட்டை அண்ணாந்து பாக்கணும்."

அவரு கடைப் பையன்கிட்ட கண்ணைக் காட்டினாரு. எனக்குத் தெரியாம காட்டினதா நினைச்சுக்கிட்டாரு.

நெறம் கிடைச்சுச்சு. சைசு கிடைக்கல. என் அளவுல அந்த நெறத்துல வர்றதில்லையாம். ஒரு சைசு சின்னதுதான் இருந்துச்சு. மூச்சை உள்ள இழுத்தா பட்டன் போடலாம். நாலு செகண்டுதானே, மூச்சை இழுத்துக்கிட்டு நின்னுரலாம்னு வாங்கிட்டேன்.

அடுத்தது தலை. எங்க ஏரியா திருக்கோகர்ணத்துல எனக்கு வழக்கமா வெட்டுற தம்பி ஒருத்தரு இருக்காரு. போட்டோவைக் காட்டி, "இதே மாதிரி ஆக்கி விடுங்க"ன்னேன். போட்டோவைப் பாத்தாரு. என் தலையைப் பாத்தாரு. நாற்காலியைச் சுத்திப் பின்பக்கமும் பாத்தாரு.

"அண்ணே, நமக்குக் கறுப்பு அடிக்கணும்னா மொதல்ல முடி வேணும்ல."

"ஓரத்துல இருக்குல்ல."

"ஓரத்துல இருக்கு."

"அதை அடிங்க. நடுவுல லேசா பூசி விடுங்க. தூரத்துல இருந்து பாத்தா தெரியாது."

"எவ்வளவு தூரத்துல இருந்துண்ணே?"ன்னு கேட்டாரு. கேலியாக் கேக்கல. உண்மையிலேயே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டாரு. அதான் வலிச்சுச்சு.

சனிக்கிழமை வந்துச்சு. நான் மட்டும் போறதாத்தான் இருந்துச்சு. செருப்பு மாட்டும்போது பாத்தா ஜெசிந்தா சேலை கட்டி, கையில தூக்குச்சட்டியோட நிக்கிறா.

"நீ எங்க வார?"

"சும்மா, வேடிக்கை பாக்க. லெமன் சாதம் கிண்டியிருக்கேன்."

பதிமூணு வருச வழக்குக்கு இன்னைக்குத் தீர்ப்பு. அதை நேருல கேக்காம விடுவாளா. பஸ்ல பக்கத்துலதான் உக்காந்திருந்தா. மூஞ்சியில ஒரு நிம்மதி தெரிஞ்சுச்சு, பரிட்சைப் பேப்பர் முழுக்கத் திருத்தி முடிச்ச மாதிரி.

ஆலங்குடியில இறங்கி ஆட்டோ பிடிச்சுப் போனோம். அதே கொல்லைதான். இந்தத் தடவையும் கடலைதான் போட்டிருந்தாங்க. பெரிய பெரிய வண்டி, குடை, கிரேன். பறக்கும் தட்டுக்கு ஒரே ஒரு கால் மட்டும் செஞ்சு நட்டு வச்சிருந்தாங்க. மீதியை கம்ப்யூட்டர்ல போட்டுக்குவாங்களாம். பழைய கூட்டத்து ஆளுங்க ஒரு முப்பது பேரு மரத்தடியில உக்காந்திருந்தாங்க. அன்னைக்கு மாட்டோட நின்னவரு இன்னைக்கு வாக்கரோட நின்னாரு. ஹீரோவும் வந்திருந்தாரு. அவருக்கே முட்டியில பட்டை போட்டிருந்துச்சு.

நிவேதாங்குற அந்தப் பொண்ணு கையில அட்டை, அதுல ஒரு கலர் போட்டோ. படத்துல இருந்து எடுத்த அந்த நாலு செகண்டு.

"நான்தாம்மா மஞ்சச் சட்டை"ன்னேன், மூச்சை இழுத்துக்கிட்டு.

போட்டோவைப் பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு.

"சார், முடி?"

"இருந்துச்சு."

"போன்ல அப்படியே இருக்கேன்னு சொன்னீங்களே."

"மனசளவுலம்மா."

ஜெசிந்தா எனக்குப் பின்னாடி நின்னு இருமினா. அது இருமல் இல்லைன்னு எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பாத்து ஒரு வேன் வந்து நின்னுச்சு. அதுல இருந்து ஏழெட்டுப் பேரு இறங்கினாங்க. கடைசியா ஒருத்தரு இறங்கினாரு. ஒல்லியா, நெட்டையா, தலை நெறைய முடி. போட்டிருந்தது மஞ்சச் சட்டை. புதுசு இல்ல, பழசு. ஆனா இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாம, அந்துருண்டை வாசனையோட இருந்துச்சு.

நேரா நிவேதாகிட்ட வந்தாரு. "அஸ்ஸலாமு... வணக்கம்மா. கோட்டைப்பட்டினத்துல இருந்து வாரேன். சாகுல். நேத்து என் மச்சான் உங்களுக்குப் போன் பண்ணியிருந்தாப்ல. அந்தப் படத்துல மஞ்சச் சட்டை நான்தான்."

நான் அவருக்கும் நிவேதாவுக்கும் நடுவுல போய் நின்னேன்.

"இல்லைங்க பாய்"ன்னேன். "மஞ்சச் சட்டை நான்."

அவரு என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. கோவமே படல. "அப்படிங்களா"ன்னாரு. "நான் அன்னைக்குத் தேங்காய் லோடு ஏத்த இங்கிட்டு வந்தேன். லாரி வர லேட்டாயிருச்சு. கூப்பிட்டு நிக்க வச்சாங்க. சட்டையைக்கூட எங்க வீட்டுல பத்திரமா வச்சிருந்தாங்க."

அவரு சம்சாரம் பின்னாடி இருந்து தலையை ஆட்டினாங்க. அந்தம்மா பதினாறு வருசம் புருசன் சட்டையை அந்துருண்டை போட்டு வச்சிருக்காங்க. நான் மெதுவா ஜெசிந்தா பக்கம் திரும்பினேன். கிரைண்டர் ஞாபகம் அவளுக்கும் வந்திருக்கணும், வேற பக்கம் பாத்தா.

நிவேதா போட்டோவையும் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. பாவம், அந்தப் பொண்ணுக்கு முடிவு சொல்லக் கூச்சம்.

"எனக்கு என்னமோ... இவருதான் மாதிரி..."ன்னு சாகுலைக் காட்டுச்சு.

அப்பதான் ஜெசிந்தா முன்னாடி வந்தா.

சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சேன். 'நான் அப்பவே சொன்னேன்'னு ஊரு முன்னாடி சொல்லப் போறா.

"ஏம்மா, நல்லாப் பாரு. இது என் வீட்டுக்காரருதான்"ன்னா.

நான் அவளைப் பாத்தேன். அவ என்னைப் பாக்கவே இல்ல. கிளாஸ்ல நிக்கிற மாதிரி நேரா நின்னுக்கிட்டு சொல்லிக்கிட்டே போறா. "பதிமூணு வருசமா இந்த மூஞ்சியைத்தான் தினமும் பாக்குறேன், எனக்குத் தெரியாதா? அந்தக் கண்ணு, அந்த மூக்கு, வாயைத் திறந்து வச்சிருக்குற அந்தத் தினுசு. அப்படியே இவருதான்."

"மேடம், போட்டோவுல தாடையில ஒரு தழும்பு இருக்கு"ன்னு நிவேதா மெதுவாச் சொல்லுச்சு. "இவருக்கு இருக்கு." சாகுல் தாடையில தழும்பு இருந்துச்சு. படகுல கயிறு அந்து அடிச்சதாம்.

"இவருக்கும் இருந்துச்சு"ன்னா ஜெசிந்தா. "ஆறிடுச்சு."

பொய் சொன்ன பையனை 'இனிமே பொய் சொல்ல மாட்டேன்'னு நூறு தரம் எழுத வைக்கிற டீச்சர். எனக்காக ஒரு கொல்லைக் காட்டுல நின்னு கூசாமப் பொய் சொல்லிக்கிட்டு இருந்தா. இழுத்து வச்சிருந்த மூச்சு வெளிய வந்துருச்சு. கூடவே சட்டையோட நாலாவது பட்டனும் போயிருச்சு.

பஞ்சாயத்து முத்திப் போகவும் லேப்டாப்பைக் கொண்டு வந்தாங்க. படத்தோட ஒரிஜினல் காப்பி, ரொம்பத் தெளிவா இருந்துச்சு. பெருசு பண்ணினாங்க. தழும்பு. சாகுல். சந்தேகமே இல்ல. ஹீரோவோட காதைத் தாண்டித் தெரியுற அந்த அழகான பாதி மூஞ்சி கோட்டைப்பட்டினத்து மூஞ்சி.

"அப்ப நான் எங்க?"ன்னேன். எனக்கே கேக்காத குரல்ல.

நிவேதா படத்தை அங்கிட்டும் இங்கிட்டும் நகத்துச்சு. திடீர்னு நிறுத்துச்சு. "சார், இன்னொரு மஞ்சள் இருக்கு."

கூட்டத்துக்குப் பின்னாடி, முந்திரி மரத்துக்குப் பக்கத்துல. ஊரே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கு. ஒருத்தன் மட்டும் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, குனிஞ்சு, தரையில எதையோ தேடுறான்.

அந்த நிமிசம் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. மைக்ல "அண்ணாந்து பாருங்க"ன்னு சொன்ன அதே நேரத்துல என் செருப்பு வாரு அந்து போச்சு. நான் குனிஞ்சேன். செருப்பைச் சரி பண்ணி நிமிந்தப்ப ஷாட் முடிஞ்சிருச்சு. தியேட்டர்ல மஞ்சளைப் பாத்ததும் பயலுக கத்துனானுக, நானும் கத்துனேன். அதோட இதை மறந்தே போயிட்டேன்.

பதினாறு வருசமா நான் எல்லார்கிட்டயும் காட்டினது அடுத்தவர் மூஞ்சி. எனக்குன்னு இருந்தது ஒரு முதுகு. அதுவும் சரியா முதுகுன்னு சொல்ல முடியாது. குனிஞ்சா எது மேல வருமோ, அது.

நான் போயி மரத்தடியில உக்காந்துட்டேன். சாகுல் பக்கத்துல வந்தாரு. "சார், நீங்க வேணும்னா நில்லுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. நாலு செகண்டுதானே"ன்னாரு. அவரு பின்னாடி அவரு சம்சாரம், பிள்ளைங்க, மாமியார் எல்லாம் நல்ல துணி போட்டுக்கிட்டு வரிசையா நின்னாங்க. நான் எப்பவும் பெருந்தன்மையான ஆளு கிடையாது. ஆனா அந்த மூஞ்சிகளைப் பாத்தப்புறம் வேற என்ன சொல்றது.

"இல்ல பாய். உங்க எடம். நீங்கதான் நிக்கணும்"ன்னேன்.

தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டு கிளம்பலாம்னு எந்திரிச்சேன். ஜெசிந்தாவைக் காணோம். பாத்தா, டைரக்டர் குடைக்குக் கீழ நிக்கிறா.

"சார், கன்டினியூட்டின்னு சொல்றீங்க"ன்னு அவருக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருக்கா. "முதல் பாகத்துல ஒருத்தரு குனிஞ்சிருந்தாருல்ல. இப்ப அவரு இல்லைன்னா சீன் எப்படி ஒட்டும்? நாளைக்கு யாராவது கண்டுபிடிச்சுக் கேட்டா?"

டைரக்டர் வயசான மனுசன். ரெண்டாம் பாகத்துக்கு அப்புறம் ஜனங்க எதை எதையோ கண்டுபிடிச்சுக் கேட்டதுல அடிபட்டவரு. யோசிச்சாரு.

"யாரு அந்த ஆளு?"

"குனிஞ்சவரு சார்"னு நிவேதா என்னைக் காட்டுச்சு.

"குனியச் சொல்லுங்க."

குனிஞ்சேன்.

"அதேதான்"ன்னாரு. என் மூஞ்சியைப் பாக்கவே இல்ல.

காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சது. கேமராக்காரருக்கு வெயில் சரியில்ல, குனிஞ்சேன். ஹீரோவுக்கு முட்டி வலி, நிமிந்தேன். கிரேன் இறங்கல, குனிஞ்சேன். எவனோ ஒருத்தன் போன் அடிச்சுச்சு, மறுபடி குனிஞ்சேன். முன்னாடி சாகுல் ஜம்முனு அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னாரு. நான் ஒரு கடலைச் செடியைப் பாத்துக்கிட்டு நின்னேன். அதுல எத்தனை எலை இருக்குன்னு இப்பவும் என்னால சொல்ல முடியும்.

வெயில் ஏற ஏறத் தலையில பூசின கறுப்பு இறங்க ஆரம்பிச்சுச்சு. குனிஞ்ச தலை, அதனால நேரா நெத்தி வழியா வந்து மூக்கு நுனியில இருந்து சொட்டுச்சு. நிமிரும்போது சட்டையில ஓடுச்சு. மேக்கப்காரரு ஓடி வந்து, "என்ன சார், மஞ்சச் சட்டைன்னாங்க, புலி மாதிரி ஆயிட்டீங்க"ன்னு துடைச்சு விட்டாரு.

ஜெசிந்தாவும் சாகுல் சம்சாரமும் வேன் நிழல்ல உக்காந்து லெமன் சாதத்துக்கு நெத்திலிக் கருவாடு தொட்டுக்கிட்டு இருந்தாங்க. ரொம்ப நாள் பழகினவங்க மாதிரி சிரிப்பு. எதைப் பத்திச் சிரிக்கிறாங்கன்னு எனக்குக் கேக்கல. கேக்காம இருந்ததே நல்லது.

நாலு மணிக்கு டைரக்டர் "ஓகே"ன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. நான் மட்டும் குனிஞ்சே இருந்தேன்.

"சார், முடிஞ்சிருச்சு"ன்னு நிவேதா சொல்லுச்சு.

"தெரியுதும்மா. நிமிர முடியல."

இடுப்பு பிடிச்சுக்கிச்சு. சாகுல் ஒரு பக்கம், மேக்கப்காரரு ஒரு பக்கம் பிடிச்சு, பாதி வரைக்கும் நிமித்தினாங்க. மீதிப் பாதி என்னால ஆகல. அப்படியே பஸ் ஏறினேன். கண்டக்டர் பாத்துட்டு, "யாராச்சும் பெரியவருக்கு எடம் குடுங்கப்பா"ன்னாரு. தலையில கறுப்பு எல்லாம் வழிஞ்சுபோயி, உள்ள இருந்த நரை வெளிய வந்திருந்துச்சு போல. காலேஜ் பொண்ணு ஒண்ணு எந்திரிச்சு, "உக்காருங்க தாத்தா"ன்னுச்சு. எனக்கு முப்பத்தெட்டு வயசு. உக்காந்துட்டேன்.

பஸ் வம்பன் தாண்டினப்புறம் கேட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"அது நான்தான்னு. தழும்பு ஆறிடுச்சுன்னு வேற."

ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே சொன்னா: "வீட்டுல நான் ஆயிரம் சொல்லுவேன். அது வீட்டு விசயம். வெளிய யாரோ ஒரு பொண்ணு வந்து, இவரு இல்லைன்னு சொல்லுமா?"

நான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு அவ பக்கம் திரும்பினேன்.

"ஆனா நான் சொன்னது சரிதானே"ன்னா. "அந்த ஆளு அழகா இருக்காருன்னு."

படம் இந்த வருசம் ரிலீஸ் ஆச்சு. ஐடிஐ பையங்ககிட்ட எதுவுமே சொல்லல. "இந்தப் பாகத்துல எங்க நிக்கிறீங்க சார்?"னு கேட்டானுக. "நிக்கல"ன்னேன். அது உண்மைதான்.

ரெண்டாவது நாள் மத்தியானக் காட்சிக்கு நானும் ஜெசிந்தாவும் போனோம். தியேட்டர்ல பாதி காலி. மொதல்ல சிரிச்ச ஜனங்க ஒரு மணி நேரத்துல சிரிக்கிறதை நிறுத்திட்டு பாப்கார்னைத் தின்ன ஆரம்பிச்சிருந்தாங்க. அந்த சீன் வந்துச்சு. ஹீரோ, அவரு தோளுக்குப் பின்னாடி சாகுல். இந்தத் தடவை முழு மூஞ்சி. ஸ்க்ரீன் முழுக்கக் கோட்டைப்பட்டினம். நல்லாத்தான் இருந்தாரு மனுசன்.

நான் முந்திரி மரத்தைத் தேடினேன். மரம் இருந்துச்சு. எனக்கும் கேமராவுக்கும் நடுவுல பறக்கும் தட்டோட கால் ஒண்ணு வந்து இறங்கியிருந்துச்சு. கம்ப்யூட்டர்ல போட்டது. நல்ல தடிமனான கால். அதுக்கு அந்தப் பக்கம் மஞ்சளா ஒரு ஓரம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள அடுத்த சீன் வந்துருச்சு.

அப்படியே சீட்டுல சரிஞ்சேன். ஆறு மணி நேரம் குனிஞ்சது ஒரு இரும்புக் காலுக்குப் பின்னாடி.

இடைவேளை விட்டாங்க. ஜெசிந்தா தனக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்த அம்மாகிட்டத் திரும்பினா. முன்னப் பின்னத் தெரியாத அம்மா, மடியில சமோசாவோட உக்காந்திருந்தாங்க.

"அந்தக் கொல்லை சீன்ல, தட்டோட காலுக்குப் பின்னாடி ஒருத்தரு இருந்தாருல்ல"ன்னா. "அது எங்க வீட்டுக்காரருதான்."

அந்தம்மா எட்டி என்னைப் பாத்தாங்க. "பின்னாடியா? நான் யாரையும் பாக்கலையே."

"குனிஞ்சிருந்தாரு."

அந்தம்மா சமோசாவைக் கையில வச்சுக்கிட்டே கொஞ்சம் யோசிச்சாங்க. ஜெசிந்தா மூஞ்சியைப் பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்துச் சிரிச்சு, "ஆமாமா, பாத்தேன் பாத்தேன். நல்லா குனிஞ்சிருந்தீங்க"ன்னாங்க.

நாட்டுல பொய் சொல்லக் கூசாத நல்ல மனுசங்க இன்னும் நாலு பேரு இருக்காங்க, அதுல ஒருத்தரை நான் கட்டியிருக்கேன்.